முதல் டம்ளரை ஊற்றியது யார்?

பிளஸ் டூ கடைசித் தேர்வு முடிகிற நாளில் பள்ளி வாசலில் போலீஸ் நிற்கிறது. ஆசிரியர்களும் நிற்கிறோம். சட்டையில் மை தெளித்து விளையாடும் பிள்ளைகளில் எவனாவது பையில் பாட்டிலோடு வந்திருக்கிறானா என்று பார்க்கிறோம். மறுநாள் மாணவர்கள் மது அருந்தியதாக எங்கிருந்தாவது ஒரு செய்தி வரும். ஊர், பள்ளிக்கூடத்தைத் திட்டும். பள்ளிக்கூடம் அரசாங்கத்தைக் கைகாட்டும்.

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாசலில் பிடிபடும் பையன் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குடித்தான் என்பது பெரும்பாலும் உண்மையில்லை. அவனுடைய முதல் டம்ளர் ஓரிரு வருடம் முன்பே நிறைந்துவிட்டது. அதை ஊற்றியவர் அவன்மீது பிரியம் உள்ள ஒரு சொந்தக்காரர்.

பி.டி. மாஸ்டரிடம் பிள்ளைகள் பேசுவார்கள். வகுப்பில் வாயே திறக்காதவன்கூட மாவட்டப் போட்டிக்குப் போய்விட்டு வேனில் திரும்பும் இருட்டில் எல்லாவற்றையும் சொல்வான். "மொதமொத யார்றா ஊத்திக் குடுத்தது?" என்று கேட்டால் வருகிற பதில்களில் கடை இருக்காது. "மாமா கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி சார்." "கொலசாமி கோயில் கெடாவெட்டுல, சித்தப்பா." ஒருவன் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது: "தாத்தா செத்தப்ப அழுதுக்கிட்டே இருந்தேன் சார். இதக் குடி, தூக்கம் வரும்னு ஒரு அண்ணன் குடுத்தாரு." அப்போது அவன் எட்டாம் வகுப்பு.

எங்கள் பக்கத்துக் கிடாவெட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கறிக்கு ஒரு கணக்கு, சரக்குக்கு ஒரு கணக்கு. சாமி கும்பிட்டு முடிந்ததும் பெண்கள் சமையல் பக்கம் போய்விடுவார்கள். ஆண்களுக்குத் தோப்புக்குள் மோட்டார் ரூம் ஓரமாகத் தனி ஏற்பாடு இருக்கும். அங்கே பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட், மிக்சர், வறுத்த ஈரல் இதையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடுவது யார்? 12, 13 வயதுப் பையன்கள்தான். சுறுசுறுப்பாக ஓடினால் "கெட்டிக்காரன்டா" என்று பெயர். எந்தப் பெரியப்பாவுக்குத் தண்ணீர் அதிகம் ஊற்ற வேண்டும், எந்த மாமாவுக்குச் சோடா என்று அந்த வயதில் அவனுக்கு அத்துப்படி. பந்திக்குக் கூப்பிட்டு எல்லாரும் எழுந்து போன பிறகு டம்ளர்களின் அடியில் மிச்சம் கிடக்கும். நிறையப் பையன்கள் நாக்கில் முதலில் பட்டது அந்த மிச்சம்தான். இரண்டு வருடம் கழித்து, மீசை அரும்பியதும், தாய்மாமன் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைப்பார். "உக்காரு மாப்ள, எத்தன நாளைக்குத் தண்ணி பாக்கெட் தூக்குவ?"

சமையல் பக்கம் இருந்து அம்மா பார்க்காமல் இல்லை. "எங்க அண்ணன்கூடத்தான இருக்கான்" என்று அவருக்கு ஒரு நிம்மதி. தெருவில் கண்டவனோடு சேர்ந்து கெட்டுப்போகாமல் சொந்தத்துக்குள் இருக்கிறான் என்ற நிம்மதி அது. இந்த நிம்மதிதான் நம் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய ஆபத்து என்பது என் முடிவு. அந்தத் தோப்புக்குள் பையனுக்குக் கிடைப்பது ஆண்கள் கூட்டத்தில் ஓர் இடம். நேற்றுவரை "போடா அந்தப் பக்கம்" என்று விரட்டிய பெரியவர்கள் இன்றைக்கு அவனைத் தங்களில் ஒருவனாக ஏற்றுக்கொண்டார்கள். அப்படிப்பட்டவனிடம் கல்லீரல் படத்தைக் காட்டி விழிப்புணர்வு நடத்தினால் அது எப்படி ஏறும்? கல்லீரலுக்காக எந்தப் பையனும் மாமனைப் பகைத்துக்கொள்ள மாட்டான்.

ஆண்கள் என்றால் குடிப்பார்கள் என்று ஊரே நம்புகிறது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பதாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். சிலர் மறைத்திருப்பார்கள். அதையும் சேர்த்துக்கொண்டாலும் குடிக்காதவர்களே பெரும்பான்மை. அந்தப் பெரும்பான்மை பந்தியில் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு ஓசையில்லாமல் பஸ் ஏறிவிடுகிறது. பையன் கண்ணில் படுவதெல்லாம் தோப்புக்குள் சத்தமாகச் சிரிக்கிற மாமன்கள். குடிக்காத சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து நாலு வார்த்தை பேசியிருந்தால் ஆண்கள் கூட்டம் என்பதற்கு அவன் மனதில் வேறு ஒரு படம் இருந்திருக்கும்.

அடுத்தது, வீட்டில் நடப்பது. சாயங்காலம் கிரவுண்டில் விளையாடிக்கொண்டிருக்கும் பையனுக்குப் போன் வரும். "அப்பா கூப்பிடுறாரு சார், கடைக்குப் போகணும்." எந்தக் கடை என்று எனக்கும் தெரியும். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. ஆனால் கடைக்கு வெளியே பெரியவர் ஒருவரைப் பிடித்து வாங்கித் தரச் சொல்வதற்கும் பையன்கள் பழகிவிட்டார்கள். காலி பாட்டிலைத் திரும்பக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்கும் வந்தது. காட்டிலும் வயலிலும் கண்ணாடிச் சில்லு குறைவதற்கு அது நல்ல திட்டம். அதையே சில அப்பாக்கள் பிள்ளையின் கைச்செலவுக்கு வழியாக்கிவிட்டார்கள். "பாட்டிலக் குடுத்துட்டு பத்து ரூவாய நீயே வச்சுக்க."

பெற்றோர் கூட்டத்தில் நான் சட்டத்தைப் படித்துக் காட்டுவேன். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 77: மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பிரிவு 78: மதுவை விற்கவோ தூக்கிச் செல்லவோ பிள்ளையைப் பயன்படுத்துபவருக்கும் அதே தண்டனை. தாய்மாமனுக்கு விதிவிலக்கு எழுதப்படவில்லை. அப்பாவுக்கும் இல்லை. இதைக் கேட்டதும் கூட்டத்தில் சத்தம் அடங்கிவிடும். "நெசமாவா சார், ஏழு வருசமா?" என்று ஒருவராவது கேட்பார். எந்த அப்பாவையும் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்பது என் ஆசை இல்லை. தான் செய்வது சின்ன விஷயம் இல்லை என்பதாவது அவருக்குத் தெரிய வேண்டும்.

"பீர் மட்டுந்தான் சார், அதெல்லாம் சரக்கு இல்ல" என்பது பையன்கள் என்னிடம் சொல்கிற அடுத்த சமாதானம். பெற்றோரும் இதையே சொல்கிறார்கள். ஒல்லியாக இருக்கிற பையன் பீர் குடித்தால் உடம்பு ஏறும் என்று நம்பி வாங்கிக் கொடுத்த ஓர் அப்பாவை எனக்குத் தெரியும். மகன் கபடியில் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசைதான் அவருக்கு. அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில் எட்டு சதவீதம் ஆல்கஹால் என்றால் 52 மில்லி. பிராந்தியில் 42.8 சதவீதம். அரைக் குவார்ட்டர், அதாவது ஒரு 'கட்டிங்' 90 மில்லியில் இருப்பது 38 மில்லி சொச்சம். பையன் பீர் என்று குடித்தது ஒரு கட்டிங்கைவிட அதிகம். உடம்பு ஏறுவதாகத் தெரிவது கொழுப்பும் தொப்பையும். திருவிழா முடிந்த மறுநாள் காலைப் பயிற்சிக்கு வந்து இரண்டாவது சுற்றிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்களை நான்தான் பார்க்கிறேன். குடித்த இரவில் நல்ல தூக்கம் கிடையாது, உடம்பில் நீர் நிற்பதில்லை, ஓடுவதற்கான தெம்பு தசையில் சேர்வதில்லை. தை மாதம் ஊருக்கு ஊர் ராத்திரி கபடிப் போட்டி நடக்கிறது. ஜெயித்த அணிக்குக் கோப்பையோடு சரக்கும் வாங்கிக் கொடுக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டை வளர்ப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். நிறையத் திறமை உள்ள பையன்கள் கல்லூரி அணிக்குள் போகாமலே நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

படித்த, வசதியான பெற்றோரிடம் வேறொரு வாதம் உண்டு. எப்படியும் வெளியே குடிக்கத்தான் போகிறான், என் கண் முன்னால் கொஞ்சம் குடித்துப் பழகட்டும் என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் 1,927 பிள்ளைகளை 12 வயதிலிருந்து 18 வயதுவரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2018-இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் வெளிவந்தது. பெற்றோர் கொடுத்துப் பழக்கியதால் பிள்ளைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. வீட்டில் வாங்கிக் குடித்தவர்கள் அடுத்த வருடம் வெளியிலும் வாங்கிக் குடிப்பதற்கான வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. வீட்டில் கிடைத்ததைப் பையன் அனுமதியாகவே எடுத்துக்கொள்கிறான். நிதானம், பின்விளைவு இவற்றை யோசிக்கிற மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. பதினைந்து வயதில் 'அளவோடு' என்பதைப் பழக்க முடியும் என்ற நம்பிக்கையை நாம் விட்டுவிட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, என் அனுபவத்தில் மிகக் கடினமான நேரம் எது என்றால், வீட்டுக்குப் போய்ச் சொல்கிற நேரம்தான். "எம் புள்ள அப்படிப்பட்டவன் இல்ல சார். கூட இருக்கவன்தான் கெடுக்குறான்." அந்தக் 'கூட இருக்கிறவன்' வீட்டுக்குப் போனால் அங்கேயும் இதே பதில். மகன் வாயிலிருந்து வாடை வந்ததும், அம்மா கதவைச் சாத்திப் படுக்க வைத்துவிட்டு, காலையில் மோர் கொடுத்து, காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதி அனுப்புகிறார். அப்பாவுக்குத் தெரிந்தால் அடிப்பார் என்ற பயம் அவருக்கு. ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்ற பயம் அப்பாவுக்கு. இரண்டு பயத்துக்கும் நடுவில் பையனுக்கு ஒரு மறைவிடம் கிடைத்துவிடுகிறது.

மறைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024 மே 19-ஆம் தேதி புணேயில் பார்த்தோம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியைக் கொண்டாடக் குடித்துவிட்டுச் சொகுசுக் காரை ஓட்டியதாகச் சொல்லப்படும் 17 வயதுப் பையனின் கார் மோதி, இளம் பொறியாளர்கள் இருவர் இறந்தார்கள். விபத்தைப் பற்றி 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தது நாடு முழுக்கக் கொதிப்பை உண்டாக்கியது. அதைவிட என்னை உலுக்கியது பின்னால் வந்த வழக்கு. மகனுடைய ரத்த மாதிரிக்குப் பதிலாகத் தாயின் ரத்தம் வைக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டித் தாயையும் தந்தையையும் போலீஸ் கைது செய்தது. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் எங்கள் ஊர் லீவு லெட்டரும் அந்தக் குற்றச்சாட்டும் ஒரே பாதையில்தான் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. உரிமம் இல்லாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுக்கும் பெற்றோருக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. எங்கள் பள்ளிக்கு வெளியே புளியமரத்தடியில் தினமும் நிற்கிற பைக்குகளின் சாவி யார் கொடுத்தது?

எல்லாப் பெற்றோரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது அநியாயம். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கிற அம்மா காலை எட்டு மணிக்கு வீடு திரும்பும்போது மகன் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். அப்பா லாரியில் போனால் வாரக் கணக்கில் வரமாட்டார். இன்னும் சில வீடுகளில் அப்பா, அம்மா இருவரும் திருப்பூரில். அப்பத்தாதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். கண் தெரியாத அப்பத்தாவிடம் போய், பேரனைக் கண்காணியுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்? குடிகார அப்பாவிடமிருந்து சம்பளப் பணத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிற மகள்களும் என் பள்ளியில் படிக்கிறார்கள். அந்த வீடுகளில் பெற்றோரின் பொறுப்பு என்று பேசும்போது, அந்தச் சுமையின் பெரும்பகுதி ஏற்கெனவே பிள்ளையின் தலையில்தான் இருக்கிறது.

அதனால்தான், குடித்துப் பிடிபட்ட பையனுக்கு டி.சி. கிழித்துக் கொடுத்து அனுப்புவதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். நல்ல பிள்ளைகளைக் காப்பாற்ற அவனை வெளியே அனுப்ப வேண்டும் என்கிறார்கள். பள்ளி இருக்கிற வரையில் அவனுக்குக் காலை ஒன்பது மணிக்கு ஓரிடத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருக்கிறது. டி.சி. வாங்கிய மறுநாள் அவனுக்கு அதுவும் இல்லை. அவனைத் தேடி வருவது பார் கொட்டகையில் டம்ளர் கழுவுகிற வேலையாகத்தான் இருக்கும். அடியும் அப்படித்தான். பெல்ட்டால் அடி வாங்கிய பையன் குடியை விட்டதைவிட, வீட்டை விட்டு ஓடியதை அதிகம் பார்த்திருக்கிறேன்.

அரசின் பங்கைப் பேசாமல் பெற்றோரை மட்டும் கூண்டில் ஏற்றுவதும் நேர்மையில்லை. 2003-லிருந்து தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2024-25-இல் அதன் வழியாக வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள்; இன்னும் நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. நகராட்சி, மாநகராட்சிகளில் பள்ளியிலிருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருந்தால் போதும் என்பது விதி. நூறு மீட்டரை எங்கள் பத்தாம் வகுப்புப் பையன் பதினான்கு வினாடிக்குள் ஓடிவிடுவான். இளைஞன்போல் தெரிகிற ஒவ்வொருவரிடமும் வயதுச் சான்று கேட்டே ஆக வேண்டும் என்பதைக் கடைகளில் கட்டாயமாக்க அரசுக்கு ஒரு நாள் போதும்.

இன்னொன்றும் அரசால் முடியும். ஐஸ்லாந்து என்ற நாட்டின் மக்கள்தொகை எங்கள் மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய ஒரு மாதத்துக்குள் போதையேறக் குடித்ததாகச் சொன்னவர்கள் 42 சதவீதம். 2016-இல் அது 5 சதவீதமாக இறங்கியது. அவர்கள் பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வதைக் குறைத்துக்கொண்டு, மாலை நேரத்தையும் பெற்றோரையும் கையில் எடுத்தார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் அரசு பணம் கொடுத்தது. 13 முதல் 16 வயதுள்ளவர்கள் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் துணையில்லாமல் வெளியே சுற்றக் கூடாது என்றார்கள். பெற்றோர் ஒன்றுகூடி, பிள்ளைகளுக்கு மது வாங்கித் தரமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். வார இறுதி இரவுகளில் குழுவாகத் தெருக்களில் நடந்து வந்தார்கள். பணக்கார நாடு, எல்லாம் நமக்குப் பொருந்தாது. ஆனால் ஐந்து மணிக்குப் பூட்டுகிற எங்கள் மைதானத்தின் கதவை எட்டு மணிவரை திறந்து வைப்பதற்கும், இரண்டு விளக்கு போடுவதற்கும் பெரிய பணம் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் ஒரு மாணவரின் தாயாகத்தான் இருக்கிறார். அந்தத் தாய்மார்கள் சொன்னால் ஊர் கேட்கும். மைதானத்தில் எட்டு மணிவரை ஓடிக் களைத்த பையனுக்குப் பசிதான் எடுக்கும்.

பிள்ளை குடித்திருப்பது தெரியவந்தால் அன்றிரவு ஒன்றும் பேச வேண்டாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுப்பியும் எழவில்லை என்றால் 108-க்குப் போன் செய்யுங்கள், மானம் பார்க்காதீர்கள். மறுநாள் தெளிந்த பிறகு அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து, எங்கே, யாரோடு, யார் கொடுத்தது என்று கேளுங்கள். யார் கொடுத்தது என்பதற்கு வரும் பதில் உங்கள் சொந்த அண்ணனாகவோ தம்பியாகவோ இருந்தால், அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பழக்கமாகிவிட்டது என்று தெரிந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

கிடாவெட்டுக்கும் கல்யாணத்துக்கும் நாள் குறித்திருக்கிற குடும்பங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். சரக்குக்கு ஒதுக்கிய பணத்தை நிறுத்தச் சொன்னால் ஊரே சண்டைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். குறைந்தது இதைச் செய்யுங்கள்: 18 வயது ஆகாத ஒரு பையனும் அந்தத் தோப்புப் பக்கம் தண்ணீர் பாக்கெட்கூடத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்று வீட்டுக்குப் பெரியவர் முன்கூட்டியே எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடட்டும். பந்தியில் பரிமாற அவர்களை நிறுத்துங்கள். மாமன்மார்களே, மருமகனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட ஆசையாக இருந்தால், இலை போட்டுக் கறிச்சோறு போட்டு உட்கார வையுங்கள்.